பிளைண்ட் இல்லாமல் ஆன்ட்டி மட்டும் வைத்து ஆடும் போக்கர் போட்டி: எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். சீனப் புத்தாண்டு விடுமுறையில் சிங்கப்பூரின் செங்காங்கில் ஒரு நண்பர் வீட்டில் ஒன்பது பேர் கூடி ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு) போட்டி ஆடினீர்கள். சீட்டுப் போடும் முன் இருவர் மட்டும் கட்டாயமாக வைக்கும் வழக்கமான ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட் இரண்டும் கிடையாது. சீட்டுப் போடுவதற்கு முன் ஒவ்வொருவரும் ஆன்ட்டியாக 25 வைக்க வேண்டும். ஆட்டத்துக்குள் வர விரும்புபவர் இன்னொரு 25 போட்டால் போதும். ஆரம்பக் கையிருப்பு 5,000. 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆன்ட்டி 25, 50, 75, 100 என்று ஏறும். நீங்கள் வழக்கம்போல் நல்ல கைக்குக் காத்திருந்தீர்கள். இரண்டு ராஜா வந்ததும் ஆன்ட்டியைப் போல் மூன்று மடங்காக 75 ரெய்ஸ் செய்தீர்கள், அதாவது பந்தயத்தை ஏற்றினீர்கள். நான்கு பேர் கூடவே வந்தார்கள். ஃப்ளாப்பில், அதாவது முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகளில், ஏஸ் விழுந்தது. பிறகு தேய்ந்து தேய்ந்து ஆறாவது இடத்தில் வெளியேறினீர்கள். ஒரு நண்பர் "பிளைண்ட் இல்லையே, பொறுமையாக இருந்திருக்கலாம்" என்றார். இன்னொருவர் "நடுவில் அவ்வளவு பணம் கிடக்கும்போது எல்லாக் கையும் ஆட வேண்டும்" என்றார். யார் சொன்னது சரி என்று கேட்கிறீர்கள்.

என் பதில்: இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்த இருக்கையில் இருக்கும்போது என்பதை இருவருமே சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நான் பாலிடெக்னிக்கில் நிகழ்தகவு கற்பிப்பவன். எங்கள் நண்பர் வட்டத்தில் இப்படிப்பட்ட போட்டிகளை நடத்தும் பொறுப்பும் பல ஆண்டுகளாக என் தலையில்தான் இருக்கிறது. தொழில்முறை ஆட்டக்காரன் அல்லன். எனவே கீழே கணக்காக வருவதை நீங்களே சரிபார்த்துவிட்டு அப்படியே நம்பலாம். அனுபவமாக வருவதைச் சற்றுத் தள்ளி நின்று எடைபோடுங்கள்.

முதலில் 25 என்ற எண் உங்களை ஏமாற்றியிருக்கிறது. 5,000 சில்லுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 25-ஐப் பார்த்தால் 200 மடங்கு கையிருப்பு இருப்பதாகத் தோன்றும். ஆனால் ஒன்பது பேர் வைத்தால் நடுவில் 225 சேர்கிறது. 75-150 பிளைண்ட் உள்ள ஆட்டத்திலும் நடுவில் சேர்வது அதே 225-தான். அந்த ஆட்டத்தில் உட்கார்ந்திருந்தால் "33 பிக் பிளைண்டுதான் இருக்கிறது, விழிப்பாக இருக்க வேண்டும்" என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். பட்டன், அதாவது சீட்டுப் போடுபவரின் இடத்தைக் காட்டும் வில்லை, ஒரு சுற்று வருவதற்குள் ஒருவர் கட்டும் தொகையும் இரண்டு முறையிலும் ஒன்றே: இங்கே ஒன்பது கைக்கு ஒன்பது முறை 25; அங்கே ஒருமுறை 75, ஒருமுறை 150. இது தற்செயல் அல்ல. எந்த முறையில் ஆடினாலும், ஒரு கையின் தொடக்கத்தில் நடுவில் இருப்பதும் ஒரு சுற்றில் ஒருவர் கட்டுவதும் சமமாகவே இருக்கும். கையிருப்பைத் தொடக்கப் பாட்டால் (பாட் என்பது நடுவில் சேர்ந்திருக்கும் தொகை) வகுத்து இன்னும் எத்தனை சுற்று தாங்கும் என்று பார்ப்பார்களே, பேக்கமன் வீரர் பால் மேக்ரியல் பெயரால் 'எம்' என்று அழைக்கப்படும் அந்த அளவு, இங்கேயும் அப்படியே பொருந்தும். உங்களுக்கு அது தொடக்கத்திலேயே 22-தான்.

வீட்டு ஆட்டத்தில் நாமே கலைத்து, நாமே போட்டு, இடையில் முறுக்கும் தேநீரும் சுற்றிவரும்போது 20 நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்தாலே பெரிது. அந்தக் கணக்கில், ஒரு கைகூட ஆடாமல் உட்கார்ந்திருப்பவர் முதல் நான்கு கட்டங்களில் 225, 450, 675, 900 என்று மொத்தம் 2,250 கட்டியிருப்பார். மீதி 2,750. அப்போது பாட் 900. அதாவது மூன்று சுற்றுக்கான இருப்பு மட்டுமே. "பொறுமையாக இரு" என்ற நண்பரின் யோசனை இங்கேதான் அடிபடுகிறது. பிளைண்ட் ஆட்டத்தில் 150 ஒரேயடியாகப் போகும்போது வலிக்கும். இங்கே 25, 25 ஆகப் போவதால் வலிப்பதில்லை. ஆனால் போவது அதே தொகைதான்.

செலவு ஒன்றே என்றால் மாறுவது எது? நடுவில் கிடக்கும் பணத்துக்குச் சொந்தக்காரர் இல்லாமல் போகிறார் என்பதுதான் மாற்றம். 75-150 ஆட்டத்தில் ஒருவர் 350-க்கு ரெய்ஸ் செய்தால், பிக் பிளைண்டில் இருப்பவர் ஏற்கெனவே 150 வைத்திருக்கிறார். அவர் 200 மட்டும் போட்டு, நடுவில் உள்ள 575-க்குப் போட்டியிடலாம். கால் செய்ய, அதாவது ரெய்ஸுக்கு ஈடாகப் போட்டு உள்ளே இருக்க, அவருக்குத் தேவையான வெற்றி வாய்ப்பு 26 விழுக்காடுதான். மேசையில் ஏதும் வைக்காத மற்றொருவருக்கோ அதே கால் 350 விலை. அவருக்கு 38 விழுக்காடு வேண்டும். அரை விலை டிக்கெட் வைத்திருக்கும் அந்த ஒருவர்தான் பிளைண்ட் ஆட்டத்தின் காவல்காரர். மோசமான கையோடும் அவர் எதிர்த்து நிற்பார், நிற்கவும் வேண்டும். ஆன்ட்டி ஆட்டத்தில் அந்தக் காவல்காரர் இல்லை. எல்லோரும் ஒரே அளவு வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே விலை. யாருக்கும் தள்ளுபடி இல்லாததால், "என் பிளைண்டைக் காப்பாற்றுகிறேன்" என்று மல்லுக்கட்ட எவருக்கும் காரணம் இல்லை.

இதைவிடப் பெரிய மாற்றம் பேசும் வரிசையில் நடக்கிறது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. பிளைண்ட் ஆட்டத்தில் ஃப்ளாப்புக்கு முன் கடைசியாக முடிவு செய்பவர் பிக் பிளைண்ட். ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாக முடிவு செய்பவர் பட்டன். ஆன்ட்டி மட்டும் என்றால் இரண்டு நேரத்திலும் கடைசி ஆள் பட்டன்தான். எல்லோரும் ஃபோல்ட் செய்துவிட்டால், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகிவிட்டால், பட்டனில் இருப்பவர் தன் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் 225-ஐ அள்ளிக்கொள்வார். அவருக்கு முந்தைய இருக்கையில், கட்-ஆஃபில், இருப்பவர் ரெய்ஸ் செய்தால் அவரை எதிர்க்க ஒரே ஒருவர்தான் மிச்சம். ஆனால் அந்த ஒருவர் கை முடியும் வரை இவருக்குப் பிறகு பேசும் வசதி உள்ளவர். ஆக, பிளைண்ட் ஆட்டத்தில் ஸ்மால் பிளைண்டுக்கும் பிக் பிளைண்டுக்கும் நடக்கும் சண்டை இங்கே கட்-ஆஃபுக்கும் பட்டனுக்கும் இடையே நடக்கிறது. பட்டனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவரின் நிலைதான் பரிதாபம். எட்டுப் பேர் பின்னால் காத்திருக்க அவர் முதலில் பேச வேண்டும், ஃப்ளாப்பிலும் முதலில், கடைசிச் சீட்டு வரை முதலில். பிளைண்ட் ஆட்டத்தில் இதே இருக்கைக்காரர் ஸ்மால் பிளைண்டாக ஏதோ கொஞ்சம் தள்ளுபடியாவது வாங்கிக்கொள்வார். இங்கே அதுவும் இல்லை.

எண்களில் பார்ப்போம். பாட் 225; நீங்கள் 125-க்கு ரெய்ஸ் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஃபோல்ட் செய்தால் 225 லாபம், யாராவது எதிர்த்தால் 125-ம் போயிற்று என்று மிக மோசமாகக் கணக்கிட்டாலும், 36 விழுக்காடு நேரம் எல்லோரும் விலகினால் நட்டமில்லை. பின்னால் இருப்பவர்களில் ஒவ்வொருவரும் 15 விழுக்காடு கைகளோடு மட்டும் எதிர்ப்பார்கள் என்று கொள்வோம். முதல் இருக்கையிலிருந்து எட்டுப் பேரும் விலகும் வாய்ப்பு 27 விழுக்காடு, போதாது. பின்னால் மூவர் மட்டும் இருந்தால் 61. இருவர் என்றால் 72. பட்டன் மட்டும் என்றால் 85. ஒவ்வொருவரும் 25 விழுக்காடு கைகளோடு எதிர்க்கும் மேசையாக இருந்தால், முதல் இருக்கையில் அந்த வாய்ப்பு 10-க்கு இறங்கிவிடும், மூவர் பின்னால் இருக்கும்போது 42 இருக்கும், இன்னும் லாபம்தான். "எல்லாக் கையும் ஆடு" என்ற நண்பருக்கு இதுதான் பதில்: கடைசி மூன்று நான்கு இருக்கைகளில் அவர் சொல்வது சரி, முதல் மூன்று நான்கு இருக்கைகளில் அது தற்கொலை.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. மற்றவர்கள் எத்தனை கைகளோடு எதிர்ப்பார்கள் என்பது என் ஊகம். 125 ரெய்ஸுக்குக் கால் செய்ய ஒருவருக்கு 26 விழுக்காடு வெற்றி வாய்ப்பே போதும்; பட்டனில் இருப்பவருக்கு அதோடு இடத்தின் வசதியும் சேர்கிறது. விவரம் தெரிந்த ஆட்டக்காரர் பட்டனில் 15 விழுக்காட்டோடு நிற்க மாட்டார். பாதிக்கும் மேற்பட்ட கைகளோடு உள்ளே வருவார். நான் பார்த்த வீட்டு மேசைகளில் பட்டன்காரர்கள் மிக அதிகமாக ஃபோல்ட் செய்கிறார்கள். உங்கள் மேசை எப்படி என்பதை முதல் இரண்டு சுற்றில் பட்டனை மட்டும் கவனித்தாலே தெரிந்துகொள்ளலாம். கட்-ஆஃபில் இருக்கும்போது உங்களுக்கு வலப்பக்கம் யார் என்பது முக்கியமே இல்லை. இடப்பக்கம் யார் என்பதே முழு விஷயமும்.

இப்போது உங்கள் இரண்டு ராஜா. 75 ரெய்ஸ்தான் அந்தக் கையின் தவறு. ஏஸ் விழுந்தது அல்ல. இரண்டு ராஜா வைத்திருக்கும்போது ஃப்ளாப்பில் ஓர் ஏஸாவது விழும் வாய்ப்பு எப்போதும் 22.6 விழுக்காடு, அதில் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் 225 கிடக்கும் இடத்தில் 75 போட்டபோது, அடுத்தவருக்கு 75 கொடுத்து 300-க்குப் போட்டியிடும் வாய்ப்பைக் கொடுத்தீர்கள். அவருக்குத் தேவை 20 விழுக்காடு. அவர் வந்ததும் அதற்கடுத்தவருக்கு 17 விழுக்காடு போதும். ஒவ்வொருவர் வரும்போதும் அடுத்தவருக்கு விலை இறங்குகிறது. நான்கு பேர் வந்ததில் வியப்பில்லை. வராமல் இருந்திருந்தால்தான் தவறு. எதையோ வைத்திருக்கும் நான்கு பேருக்கு எதிராக இரண்டு ராஜா கடைசிவரை சென்றால் வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 50 விழுக்காடு. ஒரே ஒருவருக்கு எதிராக 82. பிளைண்ட் ஆட்டத்தில் 'மூன்று மடங்கு' என்பது பிக் பிளைண்டின் மூன்று மடங்கு. அது தொடக்கப் பாட்டைவிடப் பெரிய தொகை. ஆன்ட்டியின் மூன்று மடங்கு என்பது பாட்டில் மூன்றில் ஒரு பங்கு. எனவே ஆன்ட்டியை மறந்துவிடுங்கள். ரெய்ஸை எப்போதும் பாட்டைக் கொண்டு அளவிடுங்கள். முன் இருக்கைகளில் ரெய்ஸ் செய்வதென்றால் பாட்டின் முக்கால் பங்கு முதல் முழுப் பாட் வரை, அதாவது 175 முதல் 225 வரை. 225 ரெய்ஸுக்கு முதலில் கால் செய்பவருக்கு 33 விழுக்காடு வேண்டும். குப்பைக் கைகள் விலகும். பின் இருக்கைகளில் ஒருவர் இருவர்தான் மிச்சம் என்றால் பாட்டில் பாதியே போதும்.

அடுத்து, 25 மட்டும் போட்டு அமைதியாக உள்ளே வருவது, அதாவது லிம்ப். பிளைண்ட் ஆட்டத்தில் அதைக் கோழைத்தனம் என்று எல்லோரும் திட்டுவார்கள். இங்கே அதற்கு மரியாதை உண்டு. முதலாமவர் 25 போட்டு 225-க்குப் போட்டியிடுகிறார், ஒன்பதுக்கு ஒன்று. அடுத்தவருக்குப் பத்துக்கு ஒன்று. சிறிய ஜோடி ஒன்றைக் கையில் வைத்திருப்பவர் ஃப்ளாப்பில் மூன்றாவதைப் பிடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ எட்டரைக்கு ஒருமுறை. பிளைண்ட் ஆட்டத்தில் "பின்னால் பெரிதாக வசூல் செய்துகொள்ளலாம்" என்ற நம்பிக்கையில்தான் இந்தச் சின்ன ஜோடிகளை ஆடுவோம். இங்கே அந்த நம்பிக்கை தேவையில்லை. நடுவில் ஏற்கெனவே கிடப்பதே செலவை ஈடுகட்டிவிடுகிறது, யாரும் ரெய்ஸ் செய்யாமல் இருந்தால். அந்த 'இருந்தால்' சின்னதல்ல. பின்னால் ஒரு முரட்டு ஆள் உட்கார்ந்து, லிம்ப் செய்தவர்களையெல்லாம் முழுப் பாட் ரெய்ஸால் துரத்திக்கொண்டிருந்தால், உங்கள் 25 ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

அதே முரட்டு ஆளை நம்பித்தான் முன் இருக்கையில் பெரிய கைகளையும் சில நேரம் லிம்ப் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. முதல் இருக்கையில் இரண்டு ஏஸ் வந்து, நீங்கள் 25 மட்டும் போடுகிறீர்கள், இருவர் பின்தொடர்கிறார்கள், பட்டன்காரர் "இவ்வளவு பணம் சும்மா கிடக்கிறதே" என்று 350-க்கு ஏற்றுகிறார், அப்போது நீங்கள் 1,200-க்கு ஏற்றலாம். பின் இருக்கைக்காரர்கள் ஆசைப்படும் அளவுக்கு பாட் பெரிதாக இருப்பதால் இந்தப் பொறி பிளைண்ட் ஆட்டத்தைவிட இங்கே அடிக்கடி வேலை செய்கிறது. இதில் இன்னொரு பயனும் இருக்கிறது: நீங்கள் முன்னால் லிம்ப் செய்வது எப்போதும் பலவீனம் அல்ல என்று மேசைக்குத் தெரிந்துவிட்டால், உங்கள் சின்ன ஜோடிகளும் மலிவாக ஃப்ளாப்பைப் பார்க்கும். யாருமே ரெய்ஸ் செய்யாத சாதுவான மேசையென்றால் இந்தப் பொறி வேண்டாம். ஏஸ்களோடு நேராகப் பாட் அளவுக்கு ஏற்றிவிடுங்கள்.

பலர் ஃப்ளாப் பார்க்கும் ஆட்டமாக மாறுவதால் கைகளின் மதிப்பும் இடம்மாறுகிறது. ஜோடிகள், ஒரே சின்னமுள்ள அடுத்தடுத்த சீட்டுகள், ஒரே சின்னத்தில் ஏஸோடு ஒரு சின்னச் சீட்டு ஆகியவை உயர்கின்றன. ஏனெனில் அவை பிடித்தால் முழுதாகப் பிடிக்கும். ராஜாவும் ஜாக்கும் வெவ்வேறு சின்னத்தில் வந்த கை, ஏஸும் பத்தும் வெவ்வேறு சின்னத்தில் வந்த கை போன்றவை பார்க்க அழகாக இருக்கும். ஐந்து பேர் நடுவில் ஒற்றை ஜோடியோடு மாட்டிக்கொள்ளும். பின் இருக்கையில் அவற்றால் ரெய்ஸ் செய்து பாட்டை அள்ளலாம். முன் இருக்கையில் நான் ஃபோல்ட் செய்துவிடுவேன். எந்த இருக்கையில் எந்தக் கை என்று அட்டவணை கேட்டிருந்தீர்கள். இந்த முறைக்கு அப்படி ஒன்றை எழுதித் தந்தால் அது பொய்யான துல்லியம். பலர் லிம்ப் செய்து, பல பேர் ஃப்ளாப்புக்குப் போகும் ஆட்டத்தைக் கணினியாலும் இருவர் மோதலைப் போலச் சுத்தமாகத் தீர்க்க முடிவதில்லை. மேசைக்கு மேசை விடை மாறும்.

இதற்குப் பக்கத்துணையாக ஒரு சான்று உண்டு. நம் வட்டாரத்திலேயே வளர்ந்த ஷார்ட் டெக் ஆட்டத்தில் இரண்டு முதல் ஐந்து வரையுள்ள சீட்டுகளை நீக்கிவிட்டு 36 சீட்டோடு ஆடுகிறார்கள். அங்கே எல்லோரும் ஆன்ட்டி வைப்பதும், பட்டன் மட்டும் கூடுதலாக ஒன்று வைப்பதும் வழக்கம். பெரும் பணத்துக்கு அதை ஆடும் தேர்ந்தவர்கள் நல்ல கைகளோடும் கூச்சமில்லாமல் லிம்ப் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சீட்டுக்கட்டில் கைகளின் வலிமைகள் ஒன்றையொன்று நெருங்கியிருக்கும். வழக்கத்துக்கு மாறாக அங்கே ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே சின்னம்) ஃபுல் ஹவுஸை (ஒரே எண்ணில் மூன்று, இன்னோர் எண்ணில் இரண்டு) வெல்லும். எனவே அவர்கள் ஆடும் கைகளை அப்படியே 52 சீட்டு ஆட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். முழுச் சீட்டுக்கட்டில் ஆன்ட்டி மட்டும் வைத்து ஆடும் ஹோல்டெம் அபூர்வம். லாஸ் வேகஸ் உலகப் போக்கர் தொடரில் 2012-ல் அப்படி ஒரு போட்டி நடந்தது. 2018-லிருந்து அங்கே பரவிய பிக் பிளைண்ட் ஆன்ட்டி வேறு விஷயம்: பிக் பிளைண்டில் இருப்பவர் மேசைக்கே சேர்த்து ஆன்ட்டி கட்டுவார், ஆனால் பிளைண்டுகள் அப்படியே இருக்கும், காவல்காரரும் இருப்பார். அந்த முறைக்கு எழுதப்பட்ட அறிவுரைகளைப் படித்துவிட்டு வந்து இங்கே ஆடினால் குழம்பிவிடுவீர்கள்.

கையிருப்பு குறைந்தபோது என்ன செய்வது என்பதில் ஆன்ட்டி முறை உங்களுக்குச் சாதகம். பிளைண்ட் ஆட்டத்தில் "அடுத்த கையில் பிக் பிளைண்ட் வந்துவிடும், அதற்குள் எதையாவது வைத்து ஆல்-இன் போக வேண்டும், இருப்பு முழுவதையும் தள்ள வேண்டும்" என்று ஒரு நெருக்கடி வரும். மோசமான இருக்கையில் மோசமான கையோடு போய் விழுவோம். இங்கே அந்தப் பள்ளமே இல்லை. ஒவ்வொரு கையும் ஒரே விலை. கையிருப்பை ஆன்ட்டியால் வகுத்தால் இன்னும் எத்தனை கை பார்க்கலாம் என்பது நேராகக் கிடைத்துவிடும். முன் இருக்கைகளைக் கவலையில்லாமல் விட்டுவிட்டு, பின் இருக்கைக்கு வரும்வரை காத்திருந்து அங்கே தாக்கலாம்.

ஆனால் எதுவரை? ஏழு பேர், ஆன்ட்டி 100, பாட் 700, உங்களிடம் 2,500 என்று வைத்துக்கொள்வோம். கட்-ஆஃபிலிருந்து ஆல்-இன் போகிறீர்கள். எதிர்த்தால் உங்கள் கை 38 விழுக்காடு வெல்லும் என்று கொண்டால், பட்டன்காரர் மூன்றில் ஒருமுறை ஃபோல்ட் செய்தாலே நட்டமில்லை. கால் செய்ய அவருக்கு 44 விழுக்காடு வேண்டும், யோசிப்பார். அதையே தள்ளித் தள்ளி 1,000-க்கு வந்துவிட்டால் அவருக்கு 37 விழுக்காடு போதும். இரண்டு சுமாரான சீட்டு இருந்தாலே "பார்த்துவிடலாம்" என்பார். எதிராளியை ஃபோல்ட் செய்ய வைக்கும் பலம் உங்களிடம் இருக்கும்போதே நகர வேண்டும். என் நடைமுறை, கையிருப்பு ஆன்ட்டியைப் போல் 25 மடங்கு என்ற கோட்டைத் தொட்டதும் நல்ல இருக்கையில் யாரும் உள்ளே வராத முதல் வாய்ப்பைப் பயன்படுத்துவது. அந்த 25 என்ற எண்ணுக்குச் சாத்திரம் ஏதும் இல்லை. மேசை கஞ்சத்தனமாகக் கால் செய்யும் மேசை என்றால் 20 வரை காத்திருப்பேன்.

ஆட்கள் வெளியேற வெளியேற நடப்பதும் வேறு. பிளைண்ட் ஆட்டத்தில் பாட் அப்படியே இருக்கும்; ஆள் குறைவதால் ஒவ்வொரு கைக்கும் ஒருவர் தரும் சராசரித் தொகை ஏறிவிடும். ஆன்ட்டி முறையில் நேர்மாறு: கைக்கான விலை மாறாது, பாட் சுருங்கும். ஆன்ட்டி 200-ல் ஒன்பது பேர் இருந்தால் 1,800 கிடக்கும்; நால்வர் ஆனதும் 800. நான்கு பேர் ஆகிவிட்டோமே என்ற பழக்கத்தில் கண்டபடி தளர வேண்டிய அவசியம் இல்லை. எதிரிகள் குறைந்திருப்பதால் சுமாரான கையும் முன்னணியில் இருக்கும் என்பது உண்மை. ஆனால் அள்ளும் தொகையும் குறைந்துவிட்டது. இரண்டும் ஓரளவு ஈடாகிவிடுகின்றன. முதல் மூவருக்குத்தான் பரிசு என்று சொன்னீர்கள். நால்வர் மிஞ்சியிருக்கும்போது, மிகக் குறைந்த இருப்புள்ளவர் வெளியேறும்வரை காத்திருந்தே நடுத்தர இருப்புள்ளவர் முதல் மூவருக்குள் வந்துவிட முடியும் என்பதை மறக்காதீர்கள். அந்த நேரத்தில் நடுத்தர இருப்புள்ளவரைத்தான் பெரிய இருப்புள்ளவர் கசக்க வேண்டும்.

போட்டி நடத்தும் உங்கள் நண்பருக்கும் சில வார்த்தை. இறுதியில் இருவர் மட்டும் ஆடும்போது ஆன்ட்டி 200 என்றால் பாட் வெறும் 400. 45,000 சில்லுகளைப் பங்குபோட்டுக்கொண்ட இருவர் விடியும்வரை ஆடுவார்கள், மற்றவர்கள் சோபாவில் தூங்குவார்கள். மூவர் ஆனதும் ஆன்ட்டியை இரண்டு மூன்று மடங்காக உயர்த்த வேண்டும், அல்லது அந்தக் கட்டத்தில் பிளைண்டுக்கு மாறிவிட வேண்டும். ஆட்டத்துக்குள் வரக் குறைந்தபட்சம் பாட்டின் கால் பங்கு என்று விதி வைத்தால், எல்லோரும் 25 போட்டு ஏழு பேர் ஃப்ளாப் பார்க்கும் கூத்தும் அடங்கும். ஆனால் அந்த விதி வந்துவிட்டால் மேலே லிம்ப் பற்றி நான் சொன்னதில் பாதி செல்லாது. இன்னொன்று, எனக்கே எரிச்சல் தரும் விஷயம்: நடுவில் எட்டுப் பச்சைச் சில்லுதான் கிடக்கும், ஒன்பது பேரும் "நான் வைத்துவிட்டேன்" என்று சத்தியம் செய்வார்கள், அந்த நேரத்தில் கழிப்பறைக்குப் போனவரைக் குற்றவாளியாக்குவார்கள். ஆன்ட்டிகளை முதலில் ஆளுக்கு முன்னாலேயே வைக்கச் சொல்லுங்கள். ஒன்பதையும் எண்ணிப் பார்த்துவிட்டு நடுவுக்குத் தள்ளுங்கள். பிறகே முதல் சீட்டு. தொழில்முறைப் போட்டிகள் பிக் பிளைண்ட் ஆன்ட்டிக்கு மாறியதற்கே இந்தத் தாமதம் ஒரு முக்கியக் காரணம்.

கடைசியாக, அடுத்த விடுமுறைக்கு முன் ஆன்லைனில் நண்பர்களோடு சிறு பணம் வைத்துப் பழகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ள சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, வீட்டில் குடும்பத்தாரும் நண்பர்களும் நேரில் கூடி ஆடுவதற்கு விலக்கு உண்டு. அதை வியாபாரமாக நடத்தக் கூடாது, நடத்துபவர் அதில் லாபம் பார்க்கவும் கூடாது. இணையம் வழியாகப் பணம் வைத்து ஆடினால் நண்பர்களுக்குள் என்றாலும் அந்த விலக்கு பொருந்தாது. பழகுவதற்குப் பணமே தேவையில்லை. சாப்பாட்டு மேசையில் ஒன்பது கைகளை நீங்களே போட்டு, ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு 25 வையுங்கள். பட்டனுக்கு இடப்பக்கத்திலிருந்து தொடங்கி, பின்னால் யார் யார் மிச்சம் இருக்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்து, ஒவ்வொரு கைக்கும் ரெய்ஸா, லிம்ப்பா, ஃபோல்டா என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பிறகு பட்டனை நான்கு இருக்கை நகர்த்திவிட்டு, அதே சீட்டுகளோடு மறுபடி சொல்லுங்கள். உங்கள் விடைகளில் பாதியாவது மாற வேண்டும். மாறவில்லை என்றால் எந்த இருக்கையில் மாறாமல் நின்றீர்கள் என்று எழுதுங்கள். அந்தக் கைகளைப் பார்த்துவிட்டுப் பதில் தருகிறேன்.